மெட்ராஸ் பார்க்கப் போன தாயம்மாள்

முருகன் துணை

திருத்தணி
16-5-1973

தங்கை ரத்தினத்துக்கு அண்ணன் கஜபதி எழுதுவது. மாப்பிள்ளையும் காஞ்சனாவும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை. நிதானமாகப் படி. படித்துவிட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி அழாதே.

பத்மா கல்யாணமாகிப் போகப்போகிறவள், சமுத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் போவதா என்று உன் அண்ணி கோமளம் ஒரு மாதமாக அரித்துக்கொண்டிருந்தாள். சரி, போன ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டு எல்லோருமாகப் புறப்பட்டோம். நான், கோமளம், பத்மா, இளங்கோவன், நம் கடைக்குட்டி தாயம்மாள். அவளை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வரமுடியுமா? நீயே சொல்.

காலையில் செத்த காலேஜ் என்கிற மியூசியம், பிறகு உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சி சாலை. தாயம்மாளுக்கு ஒட்டகத்தைப் பார்த்து ஒரே சிரிப்பு. நம் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கிறதாம். மத்தியானம் ஓட்டலில் சாப்பாடு. பதினாலு மாடிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வெயில் தாழ்ந்ததும் பீச்சுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உனக்குத் தெரியாததா? எள் போட்டால் எள் விழாது. இவர்கள் மீன் காட்சி பார்க்கப் போனார்கள். தாயம்மாள் என்னோடுதான் இருந்தாள். திரும்பிப் பார்த்தேன், காணோம்.

தேடினோம். தேடாமல் இருப்போமா? அங்கே இருந்த போலீஸ்காரரிடம் சொல்லி, அடையாளம் எழுதிக் கொடுத்தேன். பச்சைச் சுங்கடி, இடுப்புவரை ஜடை, கொஞ்சம் விவரம் போதாதவள், இருபத்தெட்டு வயது. கடைசி வண்டியைப் பிடித்து வந்து சேர்ந்தோம். உன் வீட்டுக்கு வரலாம் என்றுதான் நினைத்தேன். இத்தனை பேர் வந்து நின்றால் உனக்குச் சிரமம் என்று விட்டுவிட்டேன்.

நீ பக்கத்தில் இருக்கிறவள். மாப்பிள்ளையோடு போய் நாலு இடத்தில் விசாரி. இங்கே யாருக்கும் எழுதிவிடாதே. இருபத்தேழாம் தேதி அரக்கோணத்திலிருந்து பத்மாவைப் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு ரெயில்வேயில் வேலை. நல்ல இடம்.

அண்ணன்,
கஜபதி


மெட்ராஸ், ஓட்டேரி
19-5-1973

அண்ணாவுக்கு ரத்தினம் எழுதுவது.

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அடுப்பில் வைத்த பாலைக்கூட இறக்காமல் ஓடினேன். இவர் மில்லில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுக் கூட வந்தார். பீச்சு முழுக்க நடந்தோம். சுண்டல் விற்கிறவர்கள், குதிரைக்காரர்கள், மீன்பிடிக்கிறவர்கள், ஒருவர் பாக்கியில்லை. "இடுப்பு வரைக்கும் ஜடை போட்டுகினு, பச்சைப் பொடவை கட்டிகினு ஒரு பொண்ணைப் பாத்தீங்களா?" என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை கட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிணக் கிடங்குக்கும் போனோம். அதைப் பற்றி நான் எழுதமாட்டேன்.

எனக்குச் சில விஷயங்கள் புரியவில்லை அண்ணா. மெட்ராசுக்கு வந்தீர்கள். ஒட்டகத்தைப் பார்த்தீர்கள், செத்துப்போன திமிங்கிலத்து எலும்பைப் பார்த்தீர்கள். கூடப் பிறந்தவளைப் பார்க்க நேரமில்லை. அதையாவது விடுகிறேன், பெண் தொலைந்துபோன பிறகும் என் வீட்டுக் கதவைத் தட்டத் தோன்றவில்லையா? சென்ட்ரலுக்கும் ஓட்டேரிக்கும் என்ன காத தூரமா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே இவரும் இவர் சிநேகிதர்களும் கடலைச் சலித்திருப்பார்கள். மூன்று நாள் கழித்துத் தபாலில் சொல்கிறீர்கள், அதுவும் ஒட்டகம் கதையெல்லாம் எழுதிவிட்டு.

தாயம்மாள் தானாக ஓர் அடி எடுத்து வைக்கமாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியாதா? தெருவைத் தாண்டுவதற்கே யாராவது கையைப் பிடிக்கவேண்டும். "இங்கே உட்காரு" என்று சொன்னால் மழை வந்தாலும் எழுந்திருக்கமாட்டாள். அவளா கூட்டத்தில் நழுவிப் போனாள்? அவள் கையை யார் விட்டது? அதை மட்டும் எழுதுங்கள்.

ரத்தினம்


திருத்தணி
23-5-1973

ரத்தினத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு கோமளம் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அழ நேரமில்லை.

கேள்வி கேட்பது சுலபம் அம்மா. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அம்மா செத்துப் பதினாலு வருஷமாயிற்று. இத்தனை வருஷமும் அவளுக்குச் சோறு போட்டது யார்? உடம்பு சரியில்லாத நாட்களில் துணி துவைத்துப் போட்டது யார், நீயா? ஒரே ஒரு ஆடி மாதம் உன் வீட்டில் வைத்துக்கொள் என்று கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? "ஒரே ரூம்பு வீடு அண்ணா, அவரு நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்கணும்" என்றாய். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இன்றைக்கு மட்டும் தங்கை மேல் பாசம் பொங்கிக்கொண்டு வருகிறது.

அவள் கை நழுவியது. யார் விட்டது, யார் பிடித்தது என்று பஞ்சாயத்து வைக்கிற நேரமா இது?

ஒரு காரியம் சொல்கிறேன், கவனமாகக் கேள். இங்கே தெருவில் கேட்கிறார்கள். தாயம்மாள் மெட்ராசில் உன் வீட்டில் இருக்கிறாள் என்று கோமளம் சொல்லிவைத்திருக்கிறாள். யாராவது உன்னிடம் வந்து கேட்டால் ஆமாம் என்று சொல். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடி என்பார்கள். இது ஒரே ஒரு பொய்தான். பத்மாவுக்கு இருபத்து மூன்று முடியப்போகிறது. இதுவரை மூன்று இடம் வந்து போனது உனக்குத் தெரியும். வந்தவர்கள் எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டே ராட்டைப் பக்கம் பார்ப்பார்கள். அங்கே இவள் உட்கார்ந்து தறிக்கு நூல்தார் சுற்றிக்கொண்டு, வாயில் எச்சில் ஒழுக அவர்களைப் பார்த்துச் சிரிப்பாள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

அண்ணன்,
கஜபதி


மெட்ராஸ், ஓட்டேரி
30-5-1973

கஜபதிக்கு,

நீ என்றுதான் எழுதப்போகிறேன். நீங்கள் என்று எழுதக் கை கூசுகிறது.

நேற்று துளசிங்கம் வந்திருந்தார். சரவணப்பொய்கை ஓரம் மொட்டை போட்டவர்களுக்குச் சந்தனம் அரைத்துக் கொடுக்கிறாரே, அவரேதான். பாரிமுனையில் கற்பூரம் வாங்க வந்தவர், தாயம்மாள் இங்கே இருக்கிறாள் என்று நம் தெருவில் கேள்விப்பட்டு, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். அண்ணி சொன்ன பொய் என் வாசற்படிக்கே வந்து நின்றது. கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று நானும் ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன். மனிதர் மோரைக் குடித்துவிட்டு என்ன கேட்டார் தெரியுமா?

"முடி கொஞ்சம் வளந்துச்சாம்மா? அன்னிக்கு விடியக்காலமே உங்க அண்ணன் இட்டுகினு வந்து மொட்டை அடிச்சாரே. அந்தப் பொண்ணு முடியைப் புடிச்சுகினு ஒரே அழுகை. நான்தான் சந்தனம் பூசினேன். பூசினதும் சில்லுன்னு இருக்குதுன்னு சிரிச்சுடுச்சு."

எந்த நாள் என்று கேட்டேன். "உங்க அண்ணன் வூட்டுல எல்லாரும் மெட்ராஸ் வந்தாங்களே, அந்த நாயித்துக்கெழமைதாம்மா" என்றார்.

அடப் பாவி! மொட்டைத் தலையோடு கூட்டிவந்து தொலைத்துவிட்டு, ஜடை என்று போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறாய். எனக்கும் ஜடை என்றே எழுதினாய். நான் பத்து நாளாக இந்த ஊரில் ஒரு ஜடையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஜடை போட்ட பச்சைச் சேலைக்காரி எவளைப் பார்த்தாலும் பின்னால் ஓடி முகத்தைப் பார்த்தேன். பஸ்ஸில் மொட்டைத் தலைகளைப் பார்த்தபோதெல்லாம் திருப்பதி போய் வந்தவர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதில் ஒன்று என் தங்கையாக இருந்திருந்தால்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாய். இப்போது சொல். அவள் கை நழுவியதா, நீ விட்டாயா?

ரத்தினம்மாள்


திருத்தணி
3-6-1973

ரத்தினத்துக்கு,

வாயை அடக்கிப் பேசு. நான் உனக்கு நைனா ஸ்தானத்தில் இருக்கிறவன். உன் கல்யாணத்தில் உன் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தவன்.

மொட்டை போட்டது வேண்டுதல். பத்மாவுக்கு நல்ல இடம் அமைந்தால் தாயம்மாள் முடியைத் தருவதாகத் தணிகை முருகனிடம் கோமளம் வேண்டிக்கொண்டிருந்தாள். இடம் அமைகிற மாதிரி இருந்தது, கொடுத்துவிட்டோம். போலீஸ்காரரிடம் பேசியபோது பதற்றத்தில் வாய் தவறி ஜடை என்று வந்துவிட்டது. இருபத்தெட்டு வருஷமாக ஜடையோடு பார்த்த கண், ஒரே நாளில் மாறிவிடுமா?

இன்னொன்றும் சொல்கிறேன், சந்தோஷப்படு. அரக்கோணத்துக்காரர்கள் வந்தார்கள், பெண்ணைப் பிடித்துவிட்டது. பூ வைத்துவிட்டுப் போனார்கள். ஆவணி பத்தொன்பதில் முகூர்த்தம். கிளம்பும்போது சம்பந்தியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள், "உங்க வூட்டுல மூளை சரியில்லாதவங்க யாரோ இருக்காங்கன்னு சொல்றாங்களே, நெசமா?" என்று. எரிகிற கற்பூரத்தில் கை வைத்து, இல்லை என்றேன். அப்போது என் நாக்கு தடுமாறவில்லை. ஏனென்றால் அது உண்மை. இந்த வீட்டில் இப்போது அப்படி யாரும் இல்லை.

கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அவள் விதி. நீ வீணாக அலைந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்,
கஜபதி


மெட்ராஸ், ஓட்டேரி
12-6-1973

அண்ணா,

தாயம்மாள் கிடைத்துவிட்டாள். உயிரோடு இருக்கிறாள்.

உன் வேண்டுதல் கதையை நான் நம்பவில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பது போல இருக்கிறது. வேண்டிக்கொண்டவள் அண்ணி, முடி மட்டும் தாயம்மாளுடையதா? அண்ணியின் கொண்டையை முருகன் வேண்டாம் என்றானா? போகட்டும். எனக்கு இப்போது சண்டை போடத் தெம்பில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

மறுபடியும் பீச்சுக்குப் போனேன். முதல் தடவை கேட்ட அதே சுண்டல்காரம்மாவிடம், மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பெண் என்று கேட்டேன். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னாமா நீ, ஜடை ஜடைன்னு கேட்டுகினு இருந்தா எப்பிடிமா சொல்றது? சந்தனம் பூசின மொட்டைன்னா அன்னிக்கே சொல்லியிருப்பேனே! அதோ, அந்தச் செலையாண்டதான் நின்னுகினு இருந்துச்சு. ரெண்டு நாளு. உக்காரக்கூட இல்ல. சுண்டல் குடுத்தா துன்னுச்சு. நெழலுக்கு வாம்மான்னா, அண்ணன் வருவாருன்னுச்சு. அப்பால வெயில்ல மயக்கமா வுழுந்துடுச்சு. போலீசு வந்து தூக்கிகினு போச்சு."

மயிலாப்பூர்ப் பக்கம், ஆதரவில்லாத பெண்களுக்கென்று ஒரு விடுதி நடத்துகிறார்கள். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். தேடிக் கண்டுபிடித்து இவரோடு போனேன். வராந்தாவில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கத்திரி வெயிலில் புது மொட்டை என்ன ஆகும்? தலையெல்லாம் கொப்புளம் வெடித்து ஆறிக் கருத்துக் கிடக்கிறது. என்னைப் பார்த்ததும் "அக்கா!" என்று கீரையை எறிந்துவிட்டு ஓடிவந்து என் வளையலைப் பிடித்துக்கொண்டாள். கட்டிக்கொண்டு அழுதேன். சரி வாடி, வீட்டுக்குப் போகலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

வரமாட்டேன் என்றாள்.

"அண்ணன் நில்லுன்னு சொல்லியிருக்காரு. யாரு கூப்ட்டாலும் போவாதே, நான் வந்துதான் இட்டுகினு போவேன்னு சொன்னாரு. நான் போனா திட்டுவாரு."

கெஞ்சினேன். மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்றேன். காஞ்சனா காத்திருக்கிறாள் என்றேன். தூக்கிக்கொண்டு போக இவரும் ஓர் ஆயாவும் பிடித்தார்கள். இவர் கையை ரத்தம் வரக் கடித்துவிட்டாள். தூணைக் கட்டிக்கொண்டு "அண்ணா, நான் போவலண்ணா, நான் போவல" என்று கத்தினாள். அதைக் கேட்டிருந்தால் நீ கூட அழுதிருப்பாய்.

விடுதியம்மா எங்களை விலக்கிவிட்டுச் சொன்னார்: "மயக்கம் தெளிஞ்சதிலிருந்து பீச்சுக்கே ஓடப் பார்த்தாள். உங்க அண்ணன் இங்கேதான் வருவார் என்று சொல்லித்தான் உட்கார வைத்தோம். இவளை அடித்து இழுத்துப் போகவேண்டாம். சொன்னவரையே வரச் சொல்லுங்கள். அவர் ஒரு வார்த்தை வா என்றால் போதும்."

உன்னிடம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை. பீச்சில் என்ன நடந்தது என்றும் இனிக் கேட்கமாட்டேன். ஒரு தடவை வா. அவளிடம் "ரத்தினத்தோட போ" என்று ஒரு வார்த்தை சொல். அவளை நான் வைத்துக்கொள்கிறேன். ஒரே அறையாக இருந்தாலும் பரவாயில்லை, இவரும் சம்மதித்துவிட்டார். திருத்தணிப் பக்கமே அவளைக் கூட்டிவரமாட்டேன். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் அண்ணா.

ரத்தினம்


திருத்தணி
17-6-1973

ரத்தினத்துக்கு,

கிடைத்துவிட்டாள் என்று அறிந்தேன். சாப்பாடு போடுகிறார்கள், இடம் கொடுத்திருக்கிறார்கள், கீரை ஆய்கிற வேலையும் இருக்கிறது. இதைவிட அவளுக்கு என்ன வேண்டும்? இங்கே மட்டும் என்ன சிம்மாசனத்திலா உட்கார்ந்திருந்தாள்?

ஆமாம், நான்தான் நில் என்றேன். யார் கூப்பிட்டாலும் போகாதே என்றும் சொன்னேன். எவனாவது கெட்டவன் கூட்டிக்கொண்டு போய்விடக்கூடாதே என்றுதான் சொன்னேன். அந்த அளவுக்கு எனக்கு அவள் மேல் அக்கறை இருந்தது. போலீசோ தர்மசத்திரக்காரர்களோ பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் நடந்தது.

நீ அவளை உன் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்கிறாய். யோசித்துத்தான் எழுதினாயா? உன் வீட்டுக்கு நம் ஊர்க்காரர்கள் நாலு பேர் வந்து போகிறார்கள். நாளைக்கே அரக்கோணம்வரை செய்தி போகும். பத்மாவின் கல்யாணம் நின்றுபோகும். அது உனக்கு வலிக்காது, பெற்றவனுக்குத்தான் வலிக்கும். சரி, உனக்கு வலிக்கிற இடத்தையும் சொல்கிறேன். தாயம்மாள் பத்மாவுக்கு அத்தை என்றால் காஞ்சனாவுக்குச் சின்னம்மா. ரத்தம் ஒன்றுதான். இரண்டு வருஷத்தில் காஞ்சனாவை என் இளங்கோவனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. சொந்த அத்தை மகள், மேனரிகம் என்பதால்தான் நான் எதையும் பார்க்காமல் ஒப்புக்கொண்டேன். நீ தாயம்மாளை ஊரறிய வீட்டில் உட்காரவைத்தால், என் மகனுக்கு நான் வெளியில் பெண் பார்ப்பேன். அப்புறம் காஞ்சனாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பி குடித்துக்கொண்டே எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

நான் வருவதாக இல்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

கஜபதி


மெட்ராஸ், ஓட்டேரி
21-6-1973

கஜபதிக்கு,

என் மகளைக் காட்டி என்னை மிரட்டுகிறாய். உன் மகன் இல்லாவிட்டால் என் மகளுக்கு உலகத்தில் மாப்பிள்ளையே இல்லையா? இல்லை என்றால் என்ன, சும்மா இருக்கட்டும். பைத்தியம் என்று நீ சொல்கிற அவள், உன் தறிக்கு விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை தார் சுற்றிக் கொடுத்தாளே, அப்போது ரத்தம் ஒன்று என்று தெரியவில்லையா?

இரண்டு மூன்று நாளுக்கொரு தடவை போகிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணன் எப்ப வருவாரு?" கேட்டை யாராவது திறக்கிற சத்தம் கேட்டால் போதும், எழுந்து நிற்கிறாள். முந்தாநாள் என்னால் தாங்கமுடியவில்லை. "அவன் வரமாட்டான்டி, உன்னை விட்டுட்டுப் போயிட்டான்டி" என்று கத்திவிட்டேன். என் முகத்தில் காறித் துப்பினாள். துடைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை ஒன்றாம் தேதிவரை பார்ப்பேன். நீ வந்து அவளை என்னோடு அனுப்பவில்லை என்றால், நேரே அரக்கோணத்துக்குப் போய் உன் சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வேன். கற்பூரத்தில் கை வைத்ததையும் சேர்த்துச் சொல்வேன். பத்மா பாவம் என்று எனக்குத் தெரியும். தாயம்மாளும் பாவம்தான்.

ரத்தினம்மாள்


திருத்தணி
29-6-1973

ரத்தினத்துக்கு,

நீ சொன்னபடி வந்தேன். புதன்கிழமை மெட்ராசுக்கு வந்து, விடுதிக்குப் போய், தாயம்மாளைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே திரும்பிவிட்டேன். உன் வீட்டுக்கு வரவில்லை. வந்தால் நீ சண்டை பிடிப்பாய்.

அவள் நன்றாக இருக்கிறாள். முடி முள் முள்ளாக வளர்ந்திருக்கிறது. என்னைப் பார்த்ததும் கேட்டுவரை ஓடிவந்தாள். "நான் போவலண்ணா, அக்கா வந்து இழுத்துச்சு, நான் போவவே இல்ல" என்று ஒப்பித்தாள். கெட்டிக்காரி என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேன். கமர்கட்டு வாங்கிப் போயிருந்தேன். எனக்கு ஒன்று கொடுத்துவிட்டு அவளும் தின்றாள். பிறகு பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னேன்: "தாயி, இதுதான் உன் எடம். இங்கயே இரு. நான் மறுபடி வருவேன். ரத்தினம் வந்து கூப்ட்டாலும் போவக்கூடாது. அவ வூட்டுக்காரு, பாவா கூப்ட்டாலும் போவக்கூடாது. சரியா?" ஆங் என்றாள். இரண்டு தடவை சொல்லவைத்தேன்.

விடுதியம்மா என்னை யார் என்று கேட்டார்கள். ஊர்க்காரன் என்றேன். அவள் அண்ணா என்று கூப்பிடுகிறாளே என்றார்கள். அவள் ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவாள், பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றேன். அப்படியென்றால் அக்கா என்று சொல்லி அடிக்கடி வருகிற அந்த அம்மா யார் என்று கேட்டார்கள். அதே தெருவில் வளர்ந்தவர், பாசத்தில் அக்கா என்று சொல்லிக்கொள்கிறார், அவர் இழுத்தால் விடவேண்டாம் என்றேன். நல்ல அம்மாள். என் கையைப் பிடித்து, உங்களைப் போல ஊர்க்காரர்கள் இருப்பதே பெரிது என்றார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கல் இல்லை ரத்தினம். பதினாலு வருஷம் தூக்கிச் சுமந்த பாரத்தை இறக்கிவைத்தேன். முதுகு நிமிர்ந்து நடக்கிறேன். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

இனி அரக்கோணத்துக்குப் போவதானால் போ. அதற்கு முன் மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். காஞ்சனாவின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்.

பத்மாவுக்கு நலங்கு வைக்க அத்தைக்காரி வரவேண்டும். இளங்கோவன் கையில் உனக்கொன்றும் காஞ்சனாவுக்கொன்றுமாகச் சேலை கொடுத்தனுப்புகிறேன். காஞ்சனாவுடையது அவனே தறியில் உட்கார்ந்து நெய்தது.

அண்ணன்,
கஜபதி


மெட்ராஸ், ஓட்டேரி
16-7-1973

அண்ணாவுக்கு ரத்தினம் வணக்கத்துடன் எழுதுவது.

இளங்கோவன் வந்து சேலைகளைக் கொடுத்தான். காஞ்சனா ரெயிலடிவரை அவனோடு போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை இருக்கிறது. எனக்கு அது முன்பே தெரியும். அரக்கோணம் பேச்சை எடுத்தபோது அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அப்பாவிடமும் பேசவில்லை. இவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "நம்ம பொண்ணைப் பாருடி, போதும்" என்றார்.

நேற்று விடுதிக்குப் போனேன். தாயம்மாள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தூரமாக நின்றாள். "பாத்தியா, அண்ணன் வந்தாரு! வரமாட்டாருன்னு சொன்னியே, நீ பொய்க்காரி. கமர்கட்டு குடுத்தாரு. மறுபடி வர்றேன்னு சொன்னாரு" என்றாள். அப்படிச் சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. தலையைத் தடவிக் கொடுக்கப் போனேன், அலறினாள். ஆயா வந்து நடுவில் நின்றுகொண்டு, "நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளு சாப்புட மாட்டேங்குதும்மா" என்றாள். விடுதியம்மாவும், நீங்கள் இனி வராமல் இருப்பதே இவளுக்கு நல்லது என்றார். நான் நிஜமாகவே அவள் கூடப் பிறந்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். காஞ்சனா ஞாபகம் வந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, இறங்கித் திரும்பிப் போகலாமா என்று இரண்டு தடவை எழுந்து நின்றேன். இரண்டு தடவையும் உட்கார்ந்துகொண்டேன்.

உங்களை நான் எத்தனையோ திட்டினேன். இனித் திட்டுவதற்கு என்னிடம் வாய் இல்லை. நீங்கள் ஒரு நாளில் செய்ததை நான் செய்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று, அவ்வளவுதான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுகிறோம். நலங்கு நான் வைக்கிறேன். அண்ணியிடம் சொல்லுங்கள். காஞ்சனாவுக்கு அந்தச் சேலை நன்றாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ஒரே தங்கை,
ரத்தினம்மாள்